காற்றுப் புகாத வீடு

யன்னல் விஷயத்தில் ஜெயகௌரி யாருடைய புத்திமதியையும் கேட்கிறவள் அல்ல. லண்டனுக்கு வருமுன் பல வருடம் ஜெர்மனியில் இருந்தவள். அங்கே குளிர் வெளியே நிற்கும், மனிதர் உள்ளே இருப்பார்கள். வட லண்டன் எட்மண்டனில் வாங்கிய இந்தப் பழைய வீட்டில் இரண்டும் ஒன்றாகவே குடியிருந்தன. மரச்சட்டங்களின் இடுக்கால் வந்த காற்று திரைச்சீலையை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

2009 பெப்ரவரியில் கொட்டிய பனியோடு அவள் பொறுமை தீர்ந்தது. கோடை முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் யன்னல் பொருத்துகிற றெஜினோல்டைக் கூப்பிட்டாள். அவன் மாதிரித் துண்டுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினான். இரட்டைக் கண்ணாடி, நடுவே ஆர்கன் வாயு, சூட்டை உள்ளேயே திருப்பிவிடும் பூச்சு. அவள் சூடு கொஞ்சமும் வெளியேறாத 'ஏ' தரத் துண்டைத் தொட்டாள்.

"நல்ல தெரிவு அக்கா. மேல் சட்டத்தில சின்னக் காத்துத்துவாரம் வைக்கட்டோ? வீடும் மூச்சு விடவேணும்."

"காத்து வராமல் இருக்கத்தானே தம்பி யன்னல் மாத்துறம்! பிறகு அதில ஓட்டை போடுறதோ?"

"அவர் சொல்லுறதையும் ஒருக்காக் கேளுமன்" என்றான் கணவன் நிர்மலன்.

"உங்களுக்கு ஒண்டும் தெரியாதப்பா. சும்மா இருங்கோ."

அவன் சும்மா இருந்தான்.

இலையுதிர்காலத்தில் யன்னல்கள் வந்தன. மூடியதும் தெருவின் பஸ் சத்தம்கூட அறுந்துபோனது. வந்தவர் போனவருக்கெல்லாம் ஜெயகௌரி கையைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினாள். முன்னறையில், புகைபோக்கிக்குக் கீழே இருந்த பழைய காஸ் ஹீற்றரைக் கொஞ்ச நேரம் போட்டாலே போதும், அறை அடுப்படி மாதிரிச் சுட்டது.

டிசம்பரில் மறுபடி பனி. ஒரு சனிக்கிழமை காலை நிர்மலனுக்கும் மகள் கோசிகாவுக்கும் தலையிடி. ஊரெல்லாம் பன்றிக்காய்ச்சல் என்ற பேச்சு. ஜெயகௌரி இருவருக்கும் பனடோல் கொடுத்தாள்.

"வெளிய ஒரு இடமும் போகாதேங்கோ. ஹீற்றரைப் போட்டுட்டு முன்னறையில படுங்கோ. நான் வேலை முடிஞ்சு வாறன்."

மத்தியானம் திரும்பிவந்து கதவைத் திறந்தபோது தொலைக்காட்சியில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிகளில் தண்ணீர் வழிந்தது. கோசிகா சோபாவில் கிடந்தாள், கன்னம் இரண்டும் ரோஜா நிறம். நிர்மலன் சோபாவில் இல்லை. கதவை நோக்கித் தவழ்ந்தவன்போல் கம்பளத்தில் குப்புறக் கிடந்தான்.

"என்னப்பா... இஞ்சாருங்கோ!"

அசைவில்லை. ஒரு மணமும் இல்லை. ஹீற்றர் மட்டும் மஞ்சளாக எரிந்தது. ஜெயகௌரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, வாசல் பனியில் போட்டாள். அதன்பிறகுதான் அலறினாள். பக்கத்து வீட்டுத் தமிழர் பீற்றர் அந்த அலறலில் செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

"அக்கா, நீங்கள் உள்ள போகாதேங்கோ!"

கதவை அகலத் திறந்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நுழைந்து, நிர்மலனைக் கால்களில் பிடித்து இழுத்துவந்தார்.

ஆஸ்பத்திரியில் இருவர் முகத்திலும் ஒக்சிஜன் மூடி. காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு, கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று டொக்டர் சொன்னார். வீட்டைச் சோதித்த காஸ் கம்பனிக்காரர் பார்த்ததில், புகைபோக்கியைக் காக்கைக்கூடும் உடைந்த செங்கல்லும் அடைத்திருந்தனவாம். எப்போதிருந்தோ அடைந்துதான் கிடந்திருக்கிறது. இத்தனை காலமும் ஓட்டை யன்னல்களே அவர்களை ஓரளவு காப்பாற்றி வந்திருக்கின்றன. அதைக் கேட்டு ஜெயகௌரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கோசிகா அன்று பின்னேரமே எழுந்து தண்ணீர் கேட்டாள். நிர்மலன் மறுநாள் கண்விழித்தான். கட்டிலோரம் நின்ற மகளைக் கனநேரம் பார்த்தான்.

"கௌரி, இந்தப் பிள்ளை ஆர்?"

கோசிகா தாயின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்தாள். சாயந்தரம் அவனாகவே "கோசி, இஞ்ச வாங்கோ" என்றபோதுதான் ஜெயகௌரி அழத் தொடங்கினாள். தாதி வந்து கதிரையில் இருத்தினாள்.

வீடு திரும்புமுன் ஹீற்றரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நச்சுவாயு வந்தால் கத்துகிற அலாரம் சுவரில் ஏறியது. றெஜினோல்டை அவளே கூப்பிட்டாள். அவன் ஒரு வார்த்தை கேட்காமல் சட்டங்களைத் துளைக்கத் தொடங்கினான்.

"நான் இன்னும் வற்புறுத்திச் சொல்லியிருக்கவேணும் அக்கா" என்றான் கடைசியில்.

"நீர் சொன்னனீர் தம்பி. அவரும் சொன்னவர்."

சோபாவில் போர்வைக்குள் இருந்த நிர்மலன் கண்ணை மூடினான். ஜெயகௌரி எழுந்துபோய் அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

"உயிரோடதான் இருக்கிறனப்பா" என்று அவன் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விரலை எடுக்கவும் இல்லை.