பன்னிரண்டு இருந்த இடத்தில் பதினொன்று

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கௌரவமான வேறு காரணம் ஏதாவது சொல்லலாமென்று இரண்டு நாள் யோசித்தேன், கிடைக்கவில்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘மழை விட்ட காலையில் அவள் அலுவலகப் படியேறி…’ [மழையெல்லாம் பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.]

2

நானும் என் தங்கையும் வீடியோ கேம் செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறோம். ஒரு பூனை தாவித் தாவி மேலே ஏறும் கேம். பூனை ஏறுவதற்கு ஸ்பிரிங் பலகை உண்டு. அதை மிதித்தால் மேலே தூக்கிப் போடும். அந்தப் பலகையைச் செய்தவள் நான். சிவப்பு நிறம், நேராகத் தூக்கும். எட்டு மாதமாக ஒருத்தரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிறகு தங்கைக்கு நான்தான் சிபாரிசு செய்து வேலை வாங்கிக் கொடுத்தேன்.* அவள் வந்து என் பலகையிலிருந்தே மூன்று வகை செய்தாள். நீலம் சாய்வாக எறியும். விரிசல் விழுந்தது ஒரு தடவைதான் தாங்கும். மூன்றாவது தூங்குமூஞ்சி. அதன்மேல் ஏறி நின்றால் உடனே ஒன்றும் நடக்காது. கொட்டாவி விடும், ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்க்கும், அப்புறம் போனால் போகிறது என்று தூக்கிப் போடும். சோதித்துப் பார்க்க வந்தவர்கள் கேமை விட்டுவிட்டு அதன்மேலேயே ஏறி ஏறி நின்றார்கள். மானேஜர் தன் மேஜைக்கு அதைப் பொம்மையாகச் செய்து வைத்துக்கொண்டார்.

எனக்கு வயிறு எரிந்தது.

* இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். என் புத்தி விடவில்லை.

3

இப்போது தங்கையைப் பாத்திரமாக்க வேண்டும். முதல் வரைவில் திமிர் பிடித்தவளாக எழுதினேன். எனக்கு நியாயம் கிடைத்தது, கதை படுத்துவிட்டது. இரண்டாவதில் அப்பாவி. [மூன்றாவதில் அவளைப் பக்கத்து மேஜைக்காரனாக்கி… வேண்டாம்.] உள்ளபடி அவள் என் டப்பாவிலிருந்து கேட்காமல் எடுத்துச் சாப்பிடுவாள், என் பிறந்தநாளை மறப்பாள், யார் பாராட்டினாலும் “பலகை அக்காவோடது, நான் சும்மா கண்ணு மூக்கு வச்சேன்” என்பாள். அதையும் பெருமைக்குச் சொல்கிறாள் என்றே நினைத்தேன்.

4

கொஞ்சம் தொழில் விஷயம். என் சிவப்புப் பலகைதான் மூலம். எத்தனை முழம் உயரம் தூக்கவேண்டும் என்று அதில் ஒரு எண் இருக்கிறது: பன்னிரண்டு. அதை மாற்றினால் அதிலிருந்து பிறந்த எல்லா வகையும் தானாக மாறிவிடும்.

கேமில் பூனை தாண்டவேண்டிய கட்டங்களில் (லெவல்) பல நான் அமைத்தவை, ஒன்று அவளுடையது. பூனை போய்ச் சேரவேண்டிய மேல்தளத்தை நான் எப்போதும் ஒரு முழம் இறக்கியே வைப்பேன், ஆடுபவர் தவறினாலும் எட்டிவிடட்டும் என்று. அவள் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டிலேயே வைப்பாள், மயிரிழைகூட விடமாட்டாள். ஆகவே எண் குறைந்தால் என் கட்டங்களில் பூனை ஏறிவிடும். அவள் கட்டத்தில் ஏறாது.

புதன்கிழமை அவள் கடைசியாகச் சோதித்துவிட்டுச் சாப்பிடப் போனாள். நான் எண்ணைப் பதினொன்று ஆக்கினேன். ‘அவள் கட்டத்தை மறந்துபோய்’ என்று முதலில் எழுதியிருந்தேன். பொய். நினைத்துக்கொண்டேதான் மாற்றினேன்.

5

மூன்று மணிக்கு, கேமை வெளியிடப்போகிறவர்கள் முன்னால் அவள் ஆடிக் காட்டினாள். தூங்குமூஞ்சி கொட்டாவி விட்டது, கண்ணைத் திறந்தது, தூக்கியது. பூனை விளிம்பைத் தொட்டு விழுந்தது. ஆறு தடவை. வந்தவர்கள் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா அந்தக் கட்டத்தையே எடுத்துருங்க, தூங்குமூஞ்சியையும் சேத்து” என்றார் மானேஜர்.

அவள் என் மேஜைக்கு வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

“காலைல வரைக்கும் ஏறுச்சுக்கா. நான்தான் எங்கயோ சொதப்பிட்டேன். எல்லாத்தையும் நாலு தடவை பாத்துட்டேன்.”

“மூலத்தப் பாத்தியா?” எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை.

“அது உன்னோடதாச்சே. அதுல எப்படித் தப்பு இருக்கும்?”

6

முடிவு ஒன்று: யாருக்கும் தெரியாமல் எண்ணைத் திருப்பி வைக்கிறேன். பூனை ஏறுகிறது.

முடிவு இரண்டு: தப்பை நானே கண்டுபிடித்ததுபோல் நடிக்கிறேன். அவள் என்னைக் கட்டிக்கொள்கிறாள். [இதை எழுதும்போது கை தயங்கவே இல்லை. பயமாக இருந்தது.]

முடிவு மூன்று: சும்மா இருக்கிறேன், வெள்ளிக்கிழமை தானாக…

7

உங்களிடம் ஒன்றை மறைத்தேன். நான் எழுதும் எந்தக் கதையையும் முதலில் படிப்பவள் என் தங்கைதான். அச்செடுத்து அவள் மேஜையில் வைப்பேன், பென்சிலோடு உட்கார்ந்து படிப்பாள். அதனால் இனிமேல் ‘நீங்கள்’ இல்லை, ‘நீ’தான்.

இன்று வெள்ளி, காலை பத்து மணி. எண் இன்னும் பதினொன்றுதான். நானே மாற்றிவிட்டு உன்னிடம் வந்திருந்தால் அது முடிவு இரண்டாகியிருக்கும். என் கணினி திறந்திருக்கிறது, நீயே மாற்று. மானேஜரிடம் இந்தத் தாள்களை அப்படியே காட்டினாலும் சரிதான்.

தூங்குமூஞ்சி ரொம்ப நன்றாக இருக்கிறது. இதைச் சொல்லும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கீழே பாதிப் பக்கம் விட்டிருக்கிறேன். எதை எழுதினாலும் அடிக்கமாட்டேன்.