டிரைவரும் சவுண்ட்பாரும்

மங்கலத்தில் எங்கள் வீடும் தறிக்கூடமும் ஒரே சுவர். பதினாறு தறி ஓடும்போது டிவியை நூறில் வைத்தாலும் ஊமைதான். எங்களுக்கு அது குறையாகத் தெரிந்ததில்லை. தறிக்கூடத்தில் எல்லாருமே உதட்டைப் பார்த்துப் பேசுகிறவர்கள். அதிலும் இந்தச் சித்ராதேவியிடம் ஓர் எழுத்து தப்பாது என்று நானே சொல்லிக்கொண்டு திரிவேன்.

அந்த வாய்க்கொழுப்புதான் வினை. மதியம் இரண்டு மணி சீரியலில் யார் உதடும் எனக்குப் பிடிபடவில்லை. அது இந்தியில் எடுத்துத் தமிழ்க் குரல் சேர்த்தது என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் நாலு மணி டீக்குத் தறி நிற்கும்போதெல்லாம் எல்லாருக்கும் கதை சொல்லிப் பழகியிருந்தேன். தெரியாது என்று சொல்ல மானம் விடவில்லை. சொந்தச் சரக்கை எடுத்து விட்டேன். கண்ணாடி போட்ட ஆள் ஒருவரை டிரைவர் ஆக்கி, அந்த வீட்டின் காணாமல் போன மூத்த மகனும் அவர்தான் என்றேன். மாமியாரை விஷம் வைப்பவள் ஆக்கினேன். மூன்று வருடம் ஓடிவிட்டது. தறி ஓட்டும் சோணைமுத்து டிரைவருக்காக வருத்தப்பட்டு ஒருநாள் டீயே குடிக்கவில்லை.

இந்த நிலையில் என் வீட்டுக்காரர் தங்கராஜ், "மூணு வருசமா ஊமைப்படம் பாத்தது போதும் அம்மிணி, சவுண்ட்பார் வாங்கிப்போடலாம்" என்றார். எனக்காக ஆசையாகச் சொல்கிறார். சத்தம் வந்தாலோ என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும்.

மனிதர் திருப்பூர் கடைக்குச் சும்மா வரவில்லை. பதினாறு தறிச் சத்தத்தையும் செல்போனில் பதிந்துகொண்டு வந்தார்.

"ஏனுங்க தம்பி, இதைய உங்க பெரிய பொட்டில முழுச் சத்தத்துல போடுங்க. இதுக்கு மேல எது கேக்குதோ அது வேணுமுங்க."

கடைக்கார இசக்கிமுத்து திருநெல்வேலிக்காரர். போட்டார். கண்ணாடிக் கதவு நடுங்கியது. மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் வெளியே ஓடியது. "அண்ணாச்சி, கடைய இடிச்சுப்புடாதீய!" என்று அவர் அலறியது எனக்கு உதட்டில் தெரிந்தது.

முதல் சவுண்ட்பார் தறிக்கு முன்னால் மூச்சே விடவில்லை. "இதே போதுமுங்க, அடக்க ஒடுக்கமா இருக்குது" என்றேன். இரண்டாவது திம் திம் என்று குத்தியதே தவிர, ஒரு பேச்சும் விளங்கவில்லை. "இது இன்னும் அருமைங்க" என்றேன். இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மூன்றாவது முழங்கை நீளம்தான் இருந்தது. பேச்சை மட்டும் தூக்கிக் கொடுக்க அதில் தனிப் பட்டன். இசக்கிமுத்து அதை அழுத்தினார். செய்தி வாசிக்கிற பெண் தாளைப் புரட்டியதுகூடக் கேட்டது.

"டிவி மேசையில எடம் பத்தாதுங்க!" என்றேன்.

"நான் அளந்துட்டுத்தான வந்தேன்" என்று பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக் காட்டினார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் இரண்டு மணி. தறிக்கூடத்தைச் சோணைமுத்துவிடம் விட்டுவிட்டு அவரும் வந்து உட்கார்ந்தார். பதினாறு தறியும் ஓடின. அத்தனைக்கும் மேலே மாமியார் குரல் மணி மாதிரி வந்தது: "உன் கையால ஒரு வாய் ஊட்டினாத்தான் நான் மருந்து சாப்பிடுவேன் கண்ணு." மருமகள் ஊட்டிவிட்டாள். விஷமும் இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்து என் டிரைவர் வந்து மாமியாரின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "வாங்க டாக்டர்" என்றாள் மருமகள்.

தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன். மூன்று வருட மானம் மூன்று நிமிடத்தில் போயிற்று. வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவேயில்லை. டாக்டர் காய்ச்சலைப் பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். வீட்டுக்காரர் ஒரு கொட்டாவி விட்டார். பிறகு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை மொத்தமாக நிறுத்தினார். தறிச் சத்தம் வீட்டை நிறைத்தது.

என்னைப் பார்த்து அவர் உதடு அசைந்தது. ஓர் எழுத்து தப்பவில்லை.

"இவியளுக்குக் கதை சொல்லத் தெரியல. நீ சொல்லு அம்மிணி, டிரைவர் என்ன ஆனான்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாலு மணிக்குத் தறி நின்றதும் சோணைமுத்து ஓடிவந்தான். "அக்கா, புதுப் பொட்டில என்ன சொன்னாக?"

நான் வாயைத் திறக்குமுன் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "உங்கக்கா சொன்னதேதான்டா, ஒரு எழுத்து மாறல."

அன்றைக்கு டிரைவரை ஹெலிகாப்டரே ஓட்ட வைத்தேன்.