பேக்கரியில் உயிரோடிருந்தவன்

லாய்சிம், பூன் பேக்கரிக்குக் கிளம்பியது கல்யாணக் கேக் வேண்டாமென்று சொல்லிவிட்டு வரத்தான். சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே தயார் செய்துகொண்டிருந்தாள். "என் பையன் தவறிட்டான். கேக் வேண்டாம்." அவ்வளவுதான். அதைக் கேட்டபிறகு யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார்கள்.

யாட்லோங் இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. முப்பத்தொரு வயது, லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர்களோடு பந்தாடிக்கொண்டிருந்தவன் மைதானத்தின் நடுவே உட்கார்ந்தான். பிறகு படுத்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர்.

அவர்கள் வழக்கப்படி பிள்ளைக்குப் பின்னால் பெற்றவர்கள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. அதனால் இறுதிச்சடங்கு மண்டபத்து வாசலிலேயே அவளை நிறுத்திவிட்டு மற்றவர்கள் வண்டியேறிப் போனார்கள். பிள்ளைக்காகத் தாய் துக்க அடையாளமாகத் தலையில் வெள்ளைப் பூ வைத்துக்கொள்வதும் வழக்கமில்லை. கணவனும் போய் ஒன்பது வருஷமாகிவிட்டதால் பக்கத்தில் துக்க முகத்தோடு நிற்கவும் யாரும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அவள் மார்க்கெட்டுக்கு வந்த ஒருத்தியாகத்தான் தெரிந்தாள்.

தோ குவா வான் என்ற இந்தப் பேட்டையை விட்டு அவர்கள் குடிபெயர்ந்து பன்னிரண்டு வருஷம். இந்தத் தெருவுக்கு இன்னும் சேதி எட்டவில்லை. வீடு மாறிப் போயும் கேக் இங்கேதான் வாங்க வேண்டுமென்று யாட்லோங் ஒற்றைக்காலில் நின்றான். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு அனுப்பும் சடங்குக் கேக், பத்தாம் மாதம் ஒன்பதாம் தேதிக்கு, அறுபது பெட்டி. அவனே வந்து சொல்லிவைத்துவிட்டுப் போயிருந்தான்.

"வாங்க, மாமியாரே," என்று கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. கடைக்காரர் பூனின் மனைவி குன்ஹிங். "நடையே மாறிப்போச்சு பாருங்க. மருமக வர்றதுக்குள்ளயே இந்த மிடுக்கு."

சூடான அன்னாசி பன் தட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தது. ஆளுக்கொரு இடுக்கியோடு சனங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். லாய்சிம் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்தாள்.

"உள்ள என்ன வைக்கிறதுன்னு உங்க பையன் சொல்லவே இல்லக்கா. இவரு என் உயிரை எடுக்கறாரு. தாமரை விதையா, பயறா?" இடுக்கிகளை அடுக்கிக்கொண்டே குன்ஹிங் கேட்டாள். "ஆமா, எப்படி இருக்கான் அந்த வாலு? நாலு வயசுல ஒரு தட்டு பன்னுலயும் விரலை விட்டு ஓட்டை போட்டானே, அத்தனையையும் நாங்கதானே தின்னு தீர்த்தோம்."

லாய்சிம் வாயைத் திறந்தாள்.

"நல்லா இருக்கான்," என்றாள். தன் குரல் அத்தனை சாதாரணமாக எப்படி வந்ததென்று அவளுக்கே புரியவில்லை. "கொஞ்சம் இளைச்சிருக்கான்."

"கல்யாணக் கவலை. இவரும் அப்படித்தான் இளைச்சாரு. அப்புறம் என் கைச்சாப்பாட்டுல எப்படித் தேறிட்டாரு பாருங்க."

அடுப்புப் பக்கமிருந்து பூன் திரும்பாமலே சொன்னார். "உன் கைச்சாப்பாடா? இந்த வயிறு நானே சுட்டு நானே தின்னு வளத்தது."

லாய்சிம் சிரித்துவிட்டாள். "தேங்காய் வை. பாதிக்குத் தாமரை விதை, பாதிக்குத் தேங்காய். அவனுக்குத் தேங்காய்னா உயிரு."

வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். தப்பு என்று தெரிந்தது. ஆனால் அந்தக் கடைக்குள் நின்ற பத்து நிமிஷம் யாட்லோங் எங்கோ வேலைக்குப் போயிருந்தான். இளைத்திருந்தான். பசியோடு வீட்டுக்கு வருவான்.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று மறுபடி போனாள். கோட்டு தைக்கக் கொடுத்தாயிற்றா என்று குன்ஹிங் கேட்டாள். தோள்பட்டை சரியாக இல்லையென்று அவன் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்கடுத்த வாரம் புது வீட்டுக்குத் திரைச்சீலை வாங்கப் போயிருக்கிறான் என்றாள். மருமகளைப் பற்றிக் கொஞ்சம் குறைகூடச் சொன்னாள், எந்த மாமியாரும் சொல்வதைப்போல. வீட்டில் அவன் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி எரிந்துகொண்டிருக்கும். அதை அணையவிட்டு பஸ் ஏறி இங்கே வருவாள்.

ஒன்பதாம் தேதி காலை விடிந்தது. இன்றோடு முடிந்தது. அறுபது பெட்டியையும் எங்கே கொண்டுபோவது என்று அவள் ஒருநாள்கூட யோசித்திருக்கவில்லை.

கடைக்குள் சிவப்புப் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவற்றின் பக்கத்தில் ஆபீஸ் உடையில் ஹேய்துங் நின்றிருந்தாள். யாட்லோங் கட்டிக்கொள்ள இருந்த பெண். குன்ஹிங் ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பூன் மாவுக்கையோடு சும்மா நின்றார்.

எந்த முகவரிக்குக் கேக் அனுப்ப வேண்டும் என்று கேட்கத்தான் பெண் வீட்டுக்குப் போன் செய்திருந்தாள் குன்ஹிங். யாட்லோங் எழுதிக்கொடுத்த நம்பர்.

"அத்தை," என்றாள் ஹேய்துங். "இவங்க சொல்றாங்க, போன வாரம் அவரு திரைச்சீலை வாங்கப் போனாருன்னு."

லாய்சிம் தரையைப் பார்த்தாள்.

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

"சொல்லத்தான் வந்தேன். வாய் வரல. அப்புறம்..." லாய்சிம் கடையைச் சுற்றிப் பார்த்தாள். "இங்க மட்டும் அவன் இருந்தான்."

ஹேய்துங் அழவில்லை. கத்தவுமில்லை. களைத்துப்போனவள் பேசுவதைப்போல மெல்லப் பேசினாள். "விருந்து ஹோட்டலுக்கு நான்தான் போய்ச் சொன்னேன். போட்டோக்காரனுக்குச் சொன்னேன். கவுன் தைக்கிறவங்க, புது வீட்டு ஓனர், மோதிரக் கடை. எல்லாருமே முதல்ல வாழ்த்துதான் சொல்றாங்க, அத்தை. அதுக்கப்புறம் நான் சொல்லணும். ஒவ்வொரு தடவை சொல்றப்பவும் அவரு இன்னொரு தடவை சாகறாரு. நாப்பது பேருக்காவது சொல்லியிருப்பேன். நீங்க உங்களுக்குன்னு ஒரு இடம் வச்சுக்கிட்டீங்க. எனக்கு ஒரு இடம்கூட இல்ல."

லாய்சிம்முக்கு முகம் எரிந்தது. அந்த நாற்பது பேர் அவள் நினைவில் ஒருநாளும் வந்ததில்லை. யாரோ சொல்லியிருப்பார்கள், எப்படியோ நடந்திருக்கும் என்று இருந்துவிட்டாள்.

பூன் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். யாரும் உட்காரவில்லை.

"என்ன கலர்?" என்றாள் ஹேய்துங் திடீரென்று.

"என்னது?"

"திரைச்சீலை. என்ன கலர்னு சொன்னீங்க?"

"பச்சை."

ஹேய்துங்கின் முகம் அப்போதுதான் உடைந்தது. "நான் பச்சை கேட்டேன். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், வேணாம்னாரு. அதுக்கு ரெண்டு நாள் சண்டை போட்டோம்." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "கடைசியா சண்டைதான் போட்டோம், அத்தை."

லாய்சிம் கையை நீட்டினாள். ஹேய்துங் பிடித்துக்கொள்ளவில்லை. தட்டிவிடவுமில்லை.

அந்த நேரம் பார்த்து, சக்கரம் வைத்த பையில் கீரையும் மீனுமாக ஒரு அம்மாள் உள்ளே வந்தாள். முன்பின் தெரியாதவள். பெட்டிகளை அண்ணாந்து பார்த்தாள், இவர்கள் இருவரையும் பார்த்தாள்.

"அடேயப்பா, இத்தனை பெட்டியா? நல்லா இருங்க, நல்லா இருங்க. பொண்ணு நீதானாம்மா? என்னைக்குக் கல்யாணம்?"

ஹேய்துங் மூச்சை இழுத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். இந்த ஒரு மாதத்தில் அவளுக்குப் பழகிப்போன திரும்பல் அது. லாய்சிம் அதைப் பார்த்துவிட்டாள்.

"நான் சொல்றேன்," என்று சட்டென்று முன்னால் வந்தாள். "கல்யாணம் இல்லம்மா. மாப்பிள்ளை என் பையன். யாட்லோங்னு பேரு. போன மாசம் செத்துப்போயிட்டான்."

அந்த அம்மாள் என்னவோ சொன்னாள். லாய்சிம்முக்குக் காதில் விழவில்லை. முக்காலியை எட்டிப் பிடித்து உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் வந்த அழுகைதான் மண்டபத்து வாசலில் வராமல் போன அழுகை. குன்ஹிங் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

பூன் பெட்டிகளைப் பிரித்தார். கல்யாணத்துக்கான சிவப்புப் பெட்டியில் கேக்கைக் கொடுத்தனுப்ப அவருக்கு மனம் ஒப்பவில்லை. கேக்குகளை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் சுற்றினார். "கோவில்ல முதியோருக்குச் சாப்பாடு போடறாங்க. நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்," என்றார். ஒரு பொட்டலத்தை மட்டும் லாய்சிம் மடியில் வைத்தார்.

பஸ் நிறுத்தம்வரை ஹேய்துங் கூட வந்தாள். பொட்டலத்தைப் பிரித்து ஒரு தேங்காய்க் கேக்கை எடுத்து, ரோட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டே தின்றாள்.

"இனிப்பு ஜாஸ்தி," என்றாள்.

"அவனுக்கு இப்படி இருந்தாத்தான் பிடிக்கும்."

"தெரியும்."

பஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து அவன் சட்டைகளில் இரண்டை எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஹேய்துங் கேட்டாள். எடுத்துக்கோ என்றாள் லாய்சிம்.

சொன்னபடி வந்தாள். சட்டைகளை எடுத்துக்கொண்டாள், டீ குடித்தாள், படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றினாள். மூன்று மாதம் கழித்து ஒருமுறை போன் செய்தாள். அதற்குப் பிறகு வரவில்லை. லாய்சிம்மும் அவளைக் கூப்பிடவில்லை. பூன் பேக்கரிப் பக்கம் மறுபடி போகவுமில்லை. அங்கேயும் இப்போது அவன் இல்லை.