பெரிய பம்ப்

பம்பின் வயிற்றில் ஸ்குரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டான் பூலோகம். மும்பை செம்பூரில் குடிசைகளை இடித்துக் கட்டிக்கொடுத்த பத்தொன்பது மாடிக் கட்டடத்தின் பம்ப் அறை அது. பம்பைப் பூட்டிய நான்கு மாதத்தில் மூன்று பேரிங் மாற்றியாயிற்று. பேரிங் கெட்டால் கரகரக்கும். இதுவோ திம்... திம்... என்று நிதானமாக இடித்தது.

பக்கத்து வால்வைத் திறந்துவிட்டான். கொஞ்சம் தண்ணீர் கீழ்த்தொட்டிக்கே திரும்பிப் பாய்ந்ததும் பம்ப் அடங்கிப்போனது. மூடினான். மறுபடியும் திம்... திம்... திறந்தே வைத்தால் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது.

முதல் பேரிங் போனபோதே காரணம் அவனுக்குத் தெரியும். மனசுதான் ஒத்துக்கொள்ளவில்லை. சுழல்கிற சக்கரம் வீசும் தண்ணீரைச் சுற்றியுள்ள அசையாத் தகடுகள் வாங்கி மேலே அனுப்ப வேண்டும். போதுமான ஓட்டம் இல்லையென்றால் ஒரு தகட்டிடுக்கில் தண்ணீர் திணறி நிற்கும். அந்தத் திணறல் அடுத்த இடுக்குக்குத் தாவி, அங்கிருந்து அடுத்ததற்குத் தாவி, வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுக்கு ஒரு உதை, சக்கரத்தைச் சுழற்றும் தண்டுக்கு.

குடியிருப்போர் சொசைட்டி கேட்டது பழைய அளவு பம்ப். பத்தொன்பதாம் மாடியில் அவன் தங்கை பேராச்சி இருக்கிறாள். அவளுக்கு நன்றாக ஏறட்டுமே என்று இரண்டு மடங்கு பெரியதைப் பூட்டிவிட்டான். சின்னதாகக் கொடுத்து எவன் கெட்ட பேர் வாங்குவான் என்பது அவன் தொழில் பழகிய தாராவிப் பட்டறைகளின் புத்தி. குழாயோ அதே பழைய ஒல்லிக் குழாய்; அந்தப் பம்புக்கு வேண்டிய அளவு தண்ணீர் அதில் ஓடாது. பழைய பம்ப் எப்போதோ உருக்கப் போய்விட்டது.

டக்கென்று ஒரு சத்தம். தண்டு முறிந்து மோட்டார் மட்டும் வீணாய்ச் சுற்றியது. பூலோகம் சுவிட்சை அணைத்துவிட்டு அப்படியே நின்றான். பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் கீழ்க்குழாயில் வரிசை நின்றது. லிஃப்ட் ஓடி மாதக்கணக்காயிற்று. மூட்டுத் தேய்ந்த பேராச்சி இரண்டு கேன்களோடு இறங்கி வந்திருந்தாள். அவள் முறை வந்தபோது பூலோகம் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"பைப்புல கோளாறு ஒண்ணுமில்ல பேராச்சி. நான் போட்ட பம்புதான் பெருசு. ஒனக்கு நல்லா ஏறணும்னு போட்டுட்டேன்."

கேன் நிரம்பி வழிந்த பிறகுதான் அவள் குழாயை மூடினாள்.

"வேற யார்ட்டயும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லிராத. ஒன் பம்பு நல்லதுதான், பைப்புதான் சரியில்லன்னு எல்லார்ட்டயும் சண்ட போட்டிருக்கேன். எதுத்த வீட்டு பிரேமலதா என்கூட பேசி ரெண்டு மாசம் ஆச்சு. ஒன்னையக் கூட்டிட்டு வந்தவளே நான்தான். இந்த பில்டிங்ல நான் இன்னும் இருக்கணும்லா, அண்ணே."

அவன் கேன்களுக்குக் கை நீட்டினான்.

"விடு. எல்லாரும் பாக்காவ."

ஒவ்வொரு படிக்கும் சுவரைப் பிடித்து அவள் ஏறினாள். மூடி சரியில்லாத கேனிலிருந்து சிந்திய தண்ணீர், படி படியாக இறங்கி அவன் செருப்பை நனைத்தது.