மூன்று டிஸ்க்கில் தெரிந்தவள்

கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலைக்கு, அங்கே எல்லாரும் ஸ்டோர் என்கிற இடத்துக்கு, ஜெயந்தினி போனது ஒரு டிஸ்க் மாற்றுவதற்குத்தான். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு புடவைக் கடையின் மாடியில் அவளுடைய கடை இருந்தது. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதிலிருந்து சிசிடிவி பொருத்துவது வரை எல்லாம் செய்வாள். தோட்டத்தின் உதவி மேலாளர், சின்னத்துரை துஷாந்த் போனில் கூப்பிட்டு, பெரிய மழைக்குப் பிறகு கேமராப் பதிவுப் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, வந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தான்.

பெட்டியைத் திறந்ததும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. மேசைக் கம்ப்யூட்டரில் போடுகிற மலிவு டிஸ்க்குகள் நாலை யாரோ ரெய்ட் ஐந்து என்கிற முறையில் ஒன்றாகக் கோத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாலில் ஒன்று செத்துக் கிடந்தது.

"இது பகல்ல ஓடி ராத்திரி தூங்குற டிஸ்க் சேர். கேமரா ஓயாம எழுதிக்கிட்டே இருக்கும். அதுக்குன்னே கண்காணிப்பு டிஸ்க் தனியா வருது" என்றாள் துஷாந்திடம்.

"எஸ்எஸ்டி போட்டா என்ன?"

"இத்தனை கேமராவுக்கு விலை தாங்காது. இப்படி விடாம எழுதினா சீக்கிரம் தேஞ்சும் போயிரும்."

"சரி, டிஸ்க்கை மாத்துங்க. ரெய்ட் அஞ்சே இருக்கட்டும். அதுலதான் இடம் கூட வரும்னு சொல்றாங்க."

ஜெயந்தினி தலையசைத்து மறுத்தாள். "அஞ்சுல ஒரு டிஸ்க் போனா தாங்கும். செத்த டிஸ்க்குல இருந்ததை மத்த மூணையும் வச்சுக் கணக்குப் போட்டு எடுத்துரும். இப்ப உங்க பெட்டி அப்படித்தான் ஓடிக்கிட்டு இருக்கு. ஆனா புது டிஸ்க்கைப் போட்டதும் எல்லாத்தையும் திரும்ப எழுதணும். எழுதி முடிக்கிற வரைக்கும் இந்த மூணும் மூச்சு விடாம ஓடணும். எல்லாம் ஒண்ணா வாங்கின டிஸ்க். நடுவுல இன்னொண்ணு போச்சுன்னா மொத்தமும் போயிரும்."

"அப்போ ரெய்ட் பத்து?"

"அது ஜோடி ஜோடியா பிரதி எடுக்கும். வேகம் வேணுங்கிறவங்களுக்கு நல்லது. ஒரு ஜோடியில ரெண்டும் சேர்ந்து போச்சுன்னா அதுவும் கைவிட்டுரும். உங்களுக்கு வேகம் எதுக்கு? ஆறு போடுங்க. எந்த ரெண்டு போனாலும் தாங்கும். பழைய பதிவை முதல்ல வெளியில நகல் எடுத்துட்டு, புதுப் பெட்டியே வைக்கிறேன்."

துஷாந்த் ஒத்துக்கொண்டு பங்களாவுக்குப் போய்விட்டான். அவன் போன பிறகுதான் கேமரா அறையின் மூலையில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து வந்தான். அவன் பெயர் யோகேஸ்வரன். ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன். மழைக்குப் பிறகு கேமரா அறையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். பல நாள் தூங்காதவன் போலக் கண்கள் உள்ளே போயிருந்தன.

"மிஸ், அந்த டிஸ்க்கை மாத்தாதீங்க" என்றான்.

"ஏங்க?"

"இப்ப இருக்கிற மாதிரியே விட்டுருங்க. கொஞ்ச நாளைக்கு."

ஜெயந்தினி சிரிக்கப் பார்த்தாள். அவன் முகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவனே நாற்காலியை இழுத்துப் போட்டு, கேட் கேமராவின் படத்தைத் திரையில் பெரிதாக்கினான். ஸ்டோரின் இரும்புக் கேட், அதற்கு வெளியே கீழே தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு இறங்கும் பாதை, பாதை வளைகிற இடத்தில் கம்பிவலைக்குள் கல் அடுக்கிய ஒரு சுவர். பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

"நேரடியாப் பாருங்க. யாராவது இருக்காங்களா?"

"இல்லை."

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனி வந்து பாதையை மூடியது, விலகியது. ஒரு நாய் மட்டும் குறுக்கே ஓடியது. பிறகு அவன் அதே காட்சியை, பெட்டியில் பதிவானதிலிருந்து திரும்ப ஓட்டினான். அதே பனி, அதே நாய். நாய் போன பிறகு பாதையில் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. உடைந்த சதுரங்கள் மெல்ல ஒன்று சேர்ந்தபோது சுவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். ஸ்டோர் பெண்கள் போடும் நீல மேலங்கி, தலையில் துணி. ஒரு கை பாதி தூக்கியிருந்தது. அவள் நகர்ந்தாள், மறுபடி சதுரங்களாகி இல்லாமல் போனாள்.

ஜெயந்தினி திரைக்கு அருகே குனிந்தாள். சற்று முன் இதே காட்சியைத் தன் கண்ணால் நேரே பார்த்திருந்தாள். அங்கே யாரும் இருக்கவில்லை.

"என் சம்சாரம். வினோதா" என்றான் யோகேஸ்வரன்.

பெரிய மழை பெய்த அன்று ஸ்டோரை நேரத்தோடு மூடிவிட்டார்கள். தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்த வினோதா முதலில் லயத்துக்கு இறங்கினாள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று யோகேஸ்வரன் பின்தங்கினான். கேட்டுக்கு வெளியே மலை சரிந்து பாதையோடு போனது. லயத்துக்கு அவள் வந்து சேரவில்லை. கீழே ஓடைப் பக்கம் அள்ளுப்பட்டிருப்பாள் என்று இராணுவத்தினரும் தோட்டத்து ஆட்களும் ஓடை நெடுகத் தோண்டினார்கள். அவளுடைய ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"எல்லாப் பதிவிலயும் இருக்காளா?" என்று கேட்டாள் ஜெயந்தினி.

"பனி எறங்கினாத்தான். நேரடியா என்னைக்கும் தெரியாது மிஸ். பெட்டியில போய்த் திரும்பி வந்தாத்தான் தெரியுறா. டிஸ்க்கை மாத்தினா போயிருவான்னு எனக்குத் தோணுது."

தொழில் தெரிந்தவள் என்பதால் ஜெயந்தினி ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்தாள். மழையன்று மின்சாரம் போய்ப் போய் வந்திருக்கும். அன்றைய கடைசிப் பதிவு பாதி எழுதின நிலையில் நாலாவது டிஸ்க் செத்திருக்கும். கணக்கு அங்கே பிசகிவிட்டது. இல்லாத டிஸ்க்கை மற்ற மூன்றும் ஊகிக்கும்போது, அந்தப் பழைய படத்தின் துண்டுகள் புதிய படங்களுக்குள் கசிகின்றன. அப்படி நடக்கக்கூடும். அதை யோகேஸ்வரனிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"சரி, டிஸ்க்கைத் தொடலை. மூணு டிஸ்க்கோடவே எல்லாத்தையும் நகல் எடுக்கிறேன். அதை யாரும் அழிக்க மாட்டாங்க" என்றாள்.

நகலைக் கடைக்கு எடுத்து வந்து, வேலை ஓய்ந்த நேரங்களில் அதை ஓட்டிப் பார்த்தாள். கீழே பஸ்காரர்கள் கொட்டகலை, கொட்டகலை என்று கூவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். திரையில் அந்தப் பாதையில் பனி இறங்கும். வேண்டாம் என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் விட முடியவில்லை. அந்தப் பெண் தெரிகிற துண்டுகளை மட்டும் வெட்டி, முதலில் பதிவானதிலிருந்து வரிசையாக ஒட்டினாள்.

ஒட்டி முடித்து ஓட்டினாள். முதல் துண்டுகளில் வினோதா பாதையின் அடிக்கோடியில், புள்ளி போலத் தெரிந்தாள். அடுத்ததில் கொஞ்சம் பெரிதாக. அதற்கடுத்ததில் இன்னும் பெரிதாக. அவள் முகம் கேட்டைப் பார்த்திருந்தது. தூக்கிய கையை ஆட்டிக்கொண்டே, வாயைத் திறந்து எதையோ கத்திக்கொண்டே வந்தாள். கல்சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். கடைசியாகப் பதிவான துண்டுகள் எல்லாவற்றிலும் அதே இடம். அதற்கு மேல் ஓர் அடி வரவில்லை.

அவள் கீழே போகவில்லை. திரும்பி மேலே வந்திருக்கிறாள்.

ஜெயந்தினி அப்போதே முச்சக்கர வண்டி பிடித்துத் தோட்டத்துக்குப் போனாள். துஷாந்த் அலுவலகத்தில் இருந்தான். மடிக்கணினியைத் திறக்கப் போனவளைக் கை காட்டி நிறுத்தினான்.

"எனக்குக் காட்டாதீங்க மிஸ். யோகேஸ்வரன் சொன்னப்பவே நான் பார்க்க மாட்டேன்னுட்டேன். அப்புறம் அந்தப் பாதையில என்னால நடக்க முடியாது."

"பார்க்க வேணாம் சேர். எல்லாரும் ஓடையில தேடியிருக்கீங்க. அந்தப் பொண்ணு ஓடைப் பக்கம் போகலை. வளைவுல, கல்சுவருக்குப் பின்னால ஒரு தடவை தோண்டிப் பாருங்க. பழைய பதிவுல அவங்க மேல வர்றது தெரியுது. அதுக்கு மேல என்னைக் கேட்காதீங்க."

அவன் மடிக்கணினியை அவள் பக்கமே தள்ளி வைத்தான். பிறகு பெரிய துரைக்குப் போன் எடுத்தான்.

மறுநாள் காலையில் மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வந்தது. பொலிஸாரும் வந்தார்கள். கொழுந்தெடுக்கப் போன பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மேல் மலையில் வரிசையாக நின்றார்கள். யோகேஸ்வரன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுவரின் கற்களை ஒரு பக்கமாகப் பிரித்து, பின்னால் குவிந்திருந்த மண்ணைப் பெக்கோ கொஞ்சம் கொஞ்சமாக அள்ளியது. நீலத் துணி தெரிந்ததும் ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கீழே குதித்தான். அதற்குப் பிறகு ஆட்கள் கையால்தான் மண்ணை எடுத்தார்கள்.

அவள் ஸ்டோரைப் பார்த்தபடி கிடந்தாள்.

தேயிலைக்கு நடுவே இருக்கும் தோட்டத்து மயானத்தில் வினோதாவை அடக்கம் செய்தார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஜெயந்தினி புதுப் பெட்டியோடு வந்தாள். கண்காணிப்பு டிஸ்க்குகளை மாட்டி, ரெய்ட் ஆறில் அமைத்து, கேமராக்களை ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டிருந்தாள். துஷாந்த் வந்து பின்னால் நின்றான்.

"கேட் கேமராவை வேற இடத்துக்கு மாத்த முடியுமா மிஸ்? இந்தச் சுவரைத் தினமும் பார்க்க முடியலை. மழைக்கு முன்னால வேற கோணத்துல இருந்துச்சு. அந்தக் கம்பமே சரிவோட போயிருச்சுல்ல. இதை ஸ்டோர்ச் சுவர்ல புதுசா மாட்டினோம்."

ஜெயந்தினி வேலையை நிறுத்தினாள். "இந்தக் கேமரா மழைக்குப் பிறகு மாட்டினதா?"

"ஆமா. பாதையைத் திரும்ப வெட்டி, சுவரையும் அப்பத்தான் கட்டினோம். மறுபடி சரியக்கூடாதுன்னு."

அவன் போன பிறகு அவள் மடிக்கணினியில் அந்தத் துண்டுகளைத் திறந்தாள். வினோதாவின் தோளுக்குப் பின்னால் கல்சுவர் தெளிவாகத் தெரிந்தது. கம்பிவலையின் முடிச்சுகள்கூடத் தெரிந்தன. மழையன்று அந்தச் சுவர் கிடையாது. அந்தக் கோணத்தில் பார்க்க ஒரு கேமராவே கிடையாது. பழைய படத்தின் துண்டு கசிகிறது என்று அவள் சொன்ன காரணம் அப்படியே கையைவிட்டுப் போனது. எந்த டிஸ்க்கிலும் எழுதப்படாத ஒன்றை அந்த மூன்றும் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தன.

யோகேஸ்வரன் உள்ளே வந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. திரையைப் பார்த்து அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எனக்குத் தெரியும் மிஸ். அந்தச் சுவருக்கு நான்தான் லொறியிலயிருந்து கல்லு எறக்கிக் கொடுத்தேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க பயந்து போயிருப்பீங்க. நீங்க சொன்ன காரணத்தை நம்பித்தான தொரை தோண்டச் சொன்னாரு?"

அவன் தரையில் குந்தி, பழைய பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். மூன்று டிஸ்க்கும் இன்னும் சூடாக ஓடிக்கொண்டிருந்தன.

"மண்ணு வெடிக்கிறதைப் பார்த்திருக்கா. நான் உள்ள இருக்கேன்னு திரும்பி ஓடி வந்திருக்கா. அவ பாட்டுக்கு லயத்துக்குப் போயிருந்தா இன்னைக்கு இருந்திருப்பா" என்றான்.

வெளியே பனி இறங்கியிருந்தது. அவன் கேட்டதால் ஜெயந்தினி பழைய பெட்டியிலிருந்து சற்று முன் பதிவானதை ஓட்டினாள். இருவரும் பார்த்தார்கள். பனி பாதையை மூடியது, விலகியது. பிரித்த சுவரின் இடைவெளி, அதற்குப் பின்னால் சிவந்த மண். படம் எங்கும் உடையவில்லை. யாரும் வரவில்லை. கடைசிவரை பார்த்தார்கள், வரவில்லை.

யோகேஸ்வரன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நிறுத்திருங்க மிஸ்."

"என்கிட்ட நகல் இருக்கு. வேணும்னா உங்களுக்குத் தர்றேன்."

"வேணாம். அவ என்னைக் கூப்பிட வந்தா. கூப்பிட்டது என் காதுல விழுந்துருச்சு. அதை வச்சுக்கிட்டு நான் இந்த ரூமுலயே உக்காந்திருக்கக் கூடாது. எங்க பொண்ணு அவளோட சித்தி வீட்டுல இருக்கா. நாளைக்குப் போய்க் கூட்டிட்டு வரணும்."

ஜெயந்தினி அவன் முன்னாலேயே நகலை அழித்தாள். பிறகு பழைய பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தினாள். டிஸ்க்குகள் சுழற்சி மெல்லக் குறைந்து, ஒவ்வொன்றாக அடங்கின. அறையில் புதுப் பெட்டியின் விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சியது. யோகேஸ்வரன் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு பஸ் வரும் சந்தி வரை நடந்து வந்தான். வழியில் மகளை இந்த வருடம் கொட்டகலையில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தான்.