செத்தவன் எழுந்த ரீல்

அரூர் டூரிங் கொட்டகையில் அந்தக் குதிரைப் படம் போட்ட அன்று காசியம்மாள் பாதிப் படம்தான் பார்த்தாள். மீதி நேரமெல்லாம் அவள் கண், மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் நடுவே உட்கார்ந்திருந்த கொழுந்தன் மாதுவின் மேல் இருந்தது.

மாதுவின் கம்பளிக்குள் கொடுவாள் இருந்தது. மலைக்காரன் கொடுவாள் இல்லாமல் சித்தேரி மலையை விட்டு இறங்குவதில்லைதான். ஆனால் அன்று காலை அவன் அதை வெகுநேரம் தீட்டினான். கொட்டகையில் படம் மாறினால் குள்ளன் தவறாமல் வருவான் என்பது மலைக்கே தெரியும். பன்றி வேட்டையில் அவள் புருஷன் தீர்த்தகிரியைச் சுட்டுக் கொன்றவன், மலையிலேயே அடுத்த ஊர்க்காரனான இந்தக் குள்ளன். புதர் அசைந்தது, பன்றி என்று நினைத்துவிட்டேன் என்றான். ஊர் கூடி அதை ஒப்புக்கொண்டது. போலீசும் அப்படியே எழுதிக்கொண்டு போனது. மாது ஒப்புக்கொள்ளவில்லை. காசியம்மாளும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் வாய் திறக்கவில்லை. பழிவாங்கப் போய் மாதுவும் தூக்குத் தண்டனையில் போய்விட்டால் அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் மிஞ்சமாட்டார்கள்.

அதனால்தான் நானும் வருகிறேன் என்று பிடிவாதமாகக் கூட வந்தாள். பக்கத்தில் மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்திருந்த ஊர்க்காரி பாஞ்சாலி, அவள் காதில் விழும்படியே சொன்னாள்: “புருசன் போயி வருசம் திரும்பல. இவளுக்குப் படம் கேக்குது.”

கதை ஆஸ்திரேலியாவில் நடப்பதாக நோட்டீசில் படித்திருந்தாள். பச்சை என்பதே இல்லாத வெட்டவெளி. ஆட்டு மந்தைகள். அண்ணனைக் கொன்றவனைத் தேடி ஒரு தாடிக்காரன் குதிரையில் அலைகிறான். இங்கிலீஷ் பேச்சு யாருக்கும் புரியாது என்பதால் திரைக்குப் பக்கத்தில் ராஜாமணி நின்று, தகரக் குழாயை வாயில் வைத்துக் கதை சொன்னார். ‘அண்ணனைக் கொன்றவன்’ என்று அவர் சொல்லும்போதெல்லாம் காசியம்மாள் தட்டிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குள்ளன் மாதுவுக்கு நாலைந்து ஆள் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான்.

படத்தில் தாடிக்காரன் அந்தக் கொலைகாரனை ஒரு குட்டையோரம் கண்டுபிடித்துச் சுட்டான். மற்ற சண்டைப் படங்களில் குண்டு பட்டவன் சட்டென்று விழுவான், கொட்டகை விசிலடிக்கும். இவன் சாகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை நோக்கி ஊர்ந்தான். ஆடுகள் அவனைச் சுற்றி நின்று தண்ணீர் குடித்தன. தாடிக்காரன் கல்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். ராஜாமணி தகரக் குழாயை இறக்கிவிட்டார். தீர்த்தகிரியைக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தபோது அவன் தண்ணீர் கேட்டது அவளுக்கு நினைவு வந்தது. கொடுக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். எங்கேயோ இருந்து இந்தப் படத்தை எடுத்த வெள்ளைக்காரன் ஒருவனுக்கும் சாவு இப்படித்தான் என்று தெரிந்திருக்கிறதே என்று நினைத்தாள். அதை மறைக்காமல் எடுத்திருந்தான்.

ரீல் முடிந்து விளக்குப் போட்டார்கள். இருக்கிறது ஒரே மெஷின், ஒவ்வொரு ரீலுக்கும் அப்படித்தான். மாது அசையாமல் இருந்தான்.

அடுத்த ரீலில் செத்தவன் வந்தான். உயிரோடு, ஒரு காயமும் இல்லாமல், வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான். கொட்டகை ஒரு கணம் திகைத்தது. புராணப் படங்களில் செத்தவர் எழுவதைப் பார்த்துப் பழகிய கூட்டம். ராஜாமணி சுதாரித்துக்கொண்டார். “பெருமாள் புண்ணியத்துல உசுரு திரும்பிடுச்சு, பாருங்க!” பாஞ்சாலி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆண்கள் பக்கம் கை தட்டினார்கள்.

பெட்டியில் ரீல் வரிசை மாறிவிட்டது என்பது காசியம்மாளுக்குப் புரிந்தது. யாரும் பிழைக்கவில்லை. இது முன்னால் நடந்தது. பின்னல் கோணிப்போனதற்கு மகள் சிணுங்குகிறாள், அவன் அவிழ்த்து மறுபடி பின்னுகிறான். குட்டையோரம் கிடக்கப்போகிறவன் அவன். அவனுக்குத் தெரியாது, காசியம்மாளுக்குத் தெரியும். அவன் சிரிக்கச் சிரிக்க அவள் தட்டிப் பக்கம் திரும்பாமல் அவனையே பார்த்தாள்.

விளக்குப் போட்டபோது மாதுவின் இடம் காலியாக இருந்தது. குள்ளனுடைய இடமும்.

கொட்டகைக்குப் பின்னால் ஆயில் எஞ்சின் ஓடுகிற இடத்துக்கு ஓடினாள். கத்தினாலும் அங்கே யாருக்கும் கேட்காது. குள்ளன் தரையில் கிடந்தான். ஒன்றுக்குப் போக வந்தவன் வேட்டியைக்கூடச் சரிசெய்யவில்லை. மாது கொடுவாளோடு அவன்மேல் குனிந்திருந்தான். அவளைப் பார்க்காமலே கேட்டான்:

“அண்ணி, இவனுக்குப் புள்ளைங்க இருக்குதா?”

ரீல் மாறியது அவனுக்கும் புரிந்துதான் இருந்தது.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனியில் இருந்தது. தீர்த்தகிரியின் வறண்ட உதடு கண்ணில் நின்றது. குள்ளன் கெஞ்சவில்லை, அவள் வாயையே பார்த்தான்.

“ரெண்டு பொண்ணு” என்றாள். “சின்னது இன்னும் நடக்கல.”

மாது மெதுவாக நிமிர்ந்து மலைப்பாதையில் நடக்க ஆரம்பித்தான். கொடுவாளைக் கம்பளிக்குள் வைக்கவில்லை.

காசியம்மாள் பின்னாலேயே போனாள். கூப்பிடப் பயமாக இருந்தது. குள்ளனுக்கும் அதே பாதைதான், மலைக்கு வேறு வழி கிடையாது. பின்னால் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பாதையின் நடுவுக்கு வந்து நடந்தாள். மாது திரும்பினால் முதலில் அவளைத்தான் தாண்ட வேண்டியிருக்கும்.