பங்குனியில் திறந்த கம்பி

என் வலது கையில் ஒரு நடுக்கம் உண்டு. வயதுக் கோளாறு என்று டாக்டர் சொல்கிறார். அவருக்கு என்ன தெரியும்? அது 1958 பங்குனியில், குற்றாலத்து மலையில், ஓர் இரும்புக் கம்பியிலிருந்து வந்தது.

அப்போது நான் தென்காசிப் பக்கத்து எம்.எல்.ஏ., ஆளுங்கட்சி. குற்றாலத்துக்கு மேலே ஒரு சின்ன அருவியில் பெண்கள் குளிப்பார்கள். பாறை வழுக்கும். பிடித்துக்கொள்ளக் கம்பி போட வேண்டும் என்று மனுக் கொடுத்ததே நான்தான். பதினெட்டாயிரம் ரூபாய் ஒதுக்கினார்கள். ஒதுக்கிய பணத்தை மார்ச் கடைசிக்குள் செலவழிக்காவிட்டால் கஜானாவுக்கே திரும்பிவிடும். அதனால் சர்க்கார் வேலையெல்லாம் அடித்துப் பிடித்து மார்ச்சில் முடியும், திறப்புவிழாவும் அப்போதே நடக்கும். பங்குனியில் அந்த அருவியில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. காய்ந்த பாறையில் பந்தல் போட்டு, நாதஸ்வரம் வைத்து, தண்ணீரில்லாத அருவிக்குக் கம்பி திறந்தோம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது கோமாளித்தனமாகப் படவில்லை. இன்று நினைத்தாலும் என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

போட்டோக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். பிடித்தேன். ஆடியது. விழப்போகிற பல் ஆடுமே, அப்படி லேசாக. பக்கத்தில் நின்ற இன்ஜினீயரைப் பார்த்தேன்.

"சிமெண்ட் இன்னும் இறுகல சார். ரெண்டு நாள்ல கெட்டியாயிரும்" என்றார்.

கழுத்தில் மாலை கனத்தது, வெயில் மண்டையைப் பிளந்தது. சீக்கிரம் முடிந்தால் சரி என்று சிரித்தேன். அந்தப் படம் மறுநாள் பத்திரிகையில் வந்தது.

ஆனியில் சாரல் பிடித்தது. ஒருநாள் காலை பத்து மணிக்கு அருவியில் திடீரென்று தண்ணீர் கூடியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்தார்கள். ஒரு பக்கம் தூணோடு பெயர்ந்து வந்துவிட்டது. மற்றவர்கள் எப்படியோ தப்பினார்கள். சுரண்டையிலிருந்து தாயோடு வந்திருந்த முத்துவடிவு போய்விட்டாள். வயது பத்தொன்பது. எதிர்பாராத வெள்ளம், வேலையில் குறையில்லை என்று இலாகா அறிக்கை எழுதி முடித்தது.

பதினாறாம் நாள் விசேஷம் கழிந்து அவள் தாய் உலகம்மை என் வீட்டுக்கு வந்தாள். நஷ்டஈடு கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த பத்திரிகைத் துண்டை எடுத்து விரித்தாள். படத்தில் நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்குத் தண்ணின்னா பயம் அண்ணாச்சி. போவேண்டாம்னுதான் சொன்னேன். அவதான் இந்தப் படத்தைக் காட்டுனா. நம்ம அண்ணாச்சியே பிடிச்சிட்டு நிக்காவ பாரும்மா, பெறவு என்ன பயம்னு கேட்டா."

துண்டை என் பக்கம் நீட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நீங்க பிடிச்சப்போ அது ஆடிச்சா?"

"இல்ல தாயி" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். "அப்போ எம் மவதான் சரியா பிடிக்கல. சின்னப் புள்ளையிலயே அவளுக்கு எதையும் அழுத்திப் பிடிக்கத் தெரியாது" என்றாள். மடித்து, பழையபடி முடிந்துகொண்டு போனாள்.

அதற்குப் பிறகு நான் தொட்ட கம்பியெல்லாம் ஆடியது. ரயில் ஜன்னல் ஆடியது. சென்னையில் எம்.எல்.ஏ. விடுதியின் மாடிப்படிக் கைப்பிடி ஆடியது. ஆடுவதோடு நின்றால் பரவாயில்லை. மறுமுனையை யாரோ பிடித்திருப்பது உள்ளங்கையில் தெரியும். திரும்பினால் ஆள் இருக்காது. படியில் ஈரம் இருக்கும். தோட்டி கழுவிவிட்ட ஈரம் என்று சொல்லிக்கொள்வேன். நான் பயந்தேன். செத்தவளுக்கு அல்ல, அவள் தாய் அவளைப் பற்றிச் சொன்ன அந்த வார்த்தைக்கு.

சட்டசபையில் கேள்வி கொடுத்தேன். சொந்தக் கட்சி மந்திரியையே கேட்பதா என்று கொறடா வந்து வாபஸ் வாங்கச் சொன்னார். மாட்டேன் என்றேன்.

கேள்வி நேரத்தில் மராமத்து மந்திரி எழுந்து படித்தார். தூண்கள் இரண்டடி ஆழத்தில் ஊன்றப்பட்டன, விதிப்படி சோதிக்கப்பட்டன.

"தண்ணீர் விழும்போது சோதித்தார்களா?" என்று துணைக் கேள்வி கேட்டேன்.

"வேலை மார்ச்சில் முடிந்தது. அப்போது அருவியில் நீர்வரத்து இல்லை."

எதிர்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மந்திரி கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் அல்ல, எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். "கம்பி உறுதியாக இருந்ததற்குக் கனம் அங்கத்தினரை விட வேறு சாட்சி வேண்டுமா? அவரே பிடித்துக்கொண்டு நிற்கும் படம் இந்தக் கோப்பில் இருக்கிறது" என்றார்.

எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம், அன்றைக்குப் போல. முன்னால் இருந்த மரச்சட்டத்தைப் பிடித்திருந்தேன். மறுமுனையில் அந்தக் கை இருந்தது.

"அது ஆடியது" என்றேன். "நான் பிடித்தபோதே ஆடியது. தெரிந்தும் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். இதைச் சபைக் குறிப்பில் ஏற்ற வேண்டும்."

"அப்படியானால் அந்தச் சாவுக்கு அங்கத்தினரும் பொறுப்பு" என்றார் மந்திரி.

"ஆமாம். நான் முதல் ஆள். அடுத்தது யார் என்றுதான் கேட்கிறேன்."

அவர் கோப்பைப் புரட்டினார். சபாநாயகர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அடுத்த தேர்தலில் எனக்கு சீட்டு இல்லை. அதில் வருத்தமும் இல்லை.

குறிப்பு அச்சாகி வந்ததும் சுரண்டைக்குப் போனேன். உலகம்மை வாசலில் நின்றபடியே கேட்டாள். நான் வாசித்தேன்.

"அந்த வரிய இன்னொருக்க வாசிங்க."

'நான் பிடித்தபோதே ஆடியது' என்பதை மறுபடி வாசித்தேன். அவள் கை வாசல் நிலையைப் பிடித்திருந்தது.

"அப்போ எம் மவ சரியாத்தான் பிடிச்சிருக்கா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இனிம இங்கன வராதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

தென்காசி பஸ்ஸில் உட்கார இடமில்லை. மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுமுனையை முத்துவடிவும் பிடித்திருந்தாள், நன்றாக அழுத்தி.